அடைபட்ட ஒன்பது

1. டைப் அடித்து வந்த முடிவு

என்னைக் கிள்ளானுக்கு அனுப்பியது போனைப் பழுதுபார்க்க அல்ல, ஒரு கையெழுத்துப் போட. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். அன்று காலை படியேறி உள்ளே நுழைந்ததும் என் பாஸ் லீ ஒரு சர்வீஸ் ரிப்போர்ட்டை நீட்டினார். வாடிக்கையாளர், இடம், டெக்னீஷியன் பெயர் எல்லாம் நிரப்பியிருந்தது. 'சோதனை முடிவு' என்ற கட்டத்திலும் டைப் அடித்திருந்தது: எல்லா போன்களும் நல்ல நிலையில் உள்ளன.

"நான் இன்னும் போகவே இல்லையே, பாஸ்," என்றேன்.

"போகத்தானே போறே? போன் வேலை செய்யும், ரேணு. ஒரு தடவை அமுக்கிப் பாரு, கையெழுத்தைப் போடு, வந்துடு லா. மத்தியானம் சுபாங் ஜெயாவுல வேலை இருக்கு."

லீ ஆங்கிலத்தில் பேசுபவர். தமிழாக்கியது நான், 'லா' மட்டும் அவருடையது.

1999-ஆம் ஆண்டு. கம்ப்யூட்டர்களெல்லாம் 2000 பிறந்ததும் நின்றுவிடும் என்று அலுவலகங்கள் பயந்துகிடந்த சமயம். பி.ஏ.பி.எக்ஸ் என்ற பழைய போன் இணைப்புப் பெட்டிகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஐபி போன்களுக்கு மாற எல்லாரும் அவசரப்பட்டார்கள். நான் பதினாறு வருடம் பழைய பெட்டிகளில் வேலை பார்த்தவள். ஏணி, டூல் பெல்ட், சோதனை போன் மூன்றையும் சுமந்து நான் உள்ளே போனால், "டெக்னீஷியன் பின்னால வர்றாரா?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. புது போன்களுக்கு ஏணி வேண்டாம். அதுதான் அவற்றின் பெருமை.

மேரு ரோட்டில் இருந்த அந்த ஃபேக்டரி காருக்குள் போடும் ரப்பர் மிதியடி செய்வது. இரண்டு மாதத்துக்கு முன் அங்கே ஐபி போன்களை மாட்டியவள் நான்தான். முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேலையில் கலா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் வலது கை ரோலரில் சிக்கிக்கொண்டது. வாசலில் இருந்த ஜாகா ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று நிர்வாகம் சொன்னது. கூப்பிட்டேன், போன் போகவில்லை என்று ஜாகா சொன்னார். 'ஜாகா' என்றால் எங்கள் ஊரில் காவல்காரர். விசாரணை அன்று மத்தியானம். என் கையெழுத்து அதற்குத்தான் தேவைப்பட்டது.

2. தானாகக் கற்றுக்கொள்ளும் போன்

இந்த போன் எப்படி வேலை செய்யும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது புரியாவிட்டால் நடந்த அநியாயமும் புரியாது.

பழைய போனுக்கு அறிவு கிடையாது. எந்த நம்பர், வெளியே பேசலாமா கூடாதா என்பதெல்லாம் அலுவலகத்திலேயே ஒரு மூலையில் இருந்த பெட்டிக்குள் இருந்தது. மாற்ற வேண்டுமானால் என்னைப் போல ஒருத்தி வந்து அந்தப் பெட்டியின் முன் உட்கார வேண்டும். வரும்போதும் போகும்போதும் நாலு பேர் பார்ப்பார்கள். "என்ன மிஸ், எங்க லைனை என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள்.

ஐபி போனின் அடிவயிற்றில் அதற்கே உரிய ஒரு அடையாள எண் ஒட்டியிருக்கும். சுவரில் வயரை மாட்டியதும் அது நெட்வொர்க்கிடம் ஒரு முகவரி வாங்கிக்கொள்ளும். பிறகு கோலாலம்பூரில் அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இருக்கும் சர்வருக்குப் போய், தன் அடையாள எண்ணைச் சொல்லி, தனக்கான செட்டிங் ஃபைலை இறக்கிக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் அது 218-ஆம் நம்பர் போன் ஆகிவிடும். அதன் பிறகு தினமும் விடியற்காலையில் தானாகவே சர்வரிடம் கேட்கும், ஏதாவது மாறியிருக்கிறதா என்று. மாறியிருந்தால் புது ஃபைலை எடுத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். அங்கே யாரோ ஒருவர் ஒரு வரியை மாற்றினால், இங்கே நாற்பது போன்கள் மறுநாள் காலை வேறு போன்களாக எழுந்திருக்கும். யாரும் வர வேண்டாம், யாரும் யாரையும் கேட்கவும் வேண்டாம்.

ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக எழுதுவது வீண் வேலை என்பதால் வகை பிரிப்போம். இந்தக் கம்பெனியில் மூன்று வகை: மேனேஜ்மெண்ட், ஸ்டாஃப், ஜெனரல். ஜெனரல் என்றால் பேக்கிங் பகுதி, ஸ்டோர், கேண்டீன், ஜாகா உட்காரும் பொண்டோக். இந்த வகையில் வெளி லைன் அடைப்பு. வெளி லைனுக்கு முதலில் 9 அமுக்க வேண்டும், ஆகவே 9-இல் தொடங்கும் எதையும் இந்த போன்கள் ஏற்கக் கூடாது என்பது உத்தரவு.

உத்தரவு போட்டவர் எச்.ஆர் மேனேஜர் கணேசன். தமிழர். படித்தவர், எப்போதும் முழுக்கைச் சட்டை. மாட்டுவதற்கு முன் நடந்த மீட்டிங்கில் நான் கேட்டேன், "அவசரத்துக்கு 999 வேணுமே, சார்? அதுவும் 9 அமுக்கிட்டுத்தானே போகும்?"

"ஜாகாவுக்கு எதுக்கு மிஸ் வெளி லைன்? மச்சானுக்குப் போன் போட்டு கதை பேசவா? ஏதாவதுன்னா ஆபீசுக்கு அடிக்கட்டும். ஆபீஸ் பார்த்துக்கும்."

"ஞாயித்துக்கிழமை?"

அவர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை நீங்க வந்து பார்த்துக்குங்க."

மேசையைச் சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 9-ஐ அடைத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு விலக்கு வைத்தேன்: 9-க்குப் பிறகு 999, 994 இரண்டும் போகும். போலீஸ், ஆம்புலன்ஸ் ஒன்று, பொம்பா என்ற தீயணைப்பு ஒன்று. மறைத்துச் செய்யவில்லை. மீட்டிங்கிலேயே சொல்லிவிட்டுத்தான் செய்தேன். ஃபேக்டரி மேனேஜர் தலையாட்டினார்.

மாட்டி முடித்த அன்று பொண்டோக்குக்குப் போய் ஜாகா முனியாண்டி அண்ணனையே டயல் பண்ண வைத்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்து, தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனதும் இந்த வேலைக்கு வந்தவர். ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு குடியிருந்தார். வேலை போனால் வீடும் போகும்.

"முதல்ல ஒரு ஒம்போது. அப்புறம் மூணு ஒம்போது. அமுக்குங்கண்ணே."

"மொத்தம் நாலு ஒம்போதா, மிஸ்? நாலு நம்பர் லாட்டரியில எனக்கு இதுவரைக்கும் ராசியே இல்ல," என்றபடி அமுக்கினார். ரிசீவரை நான் வாங்கி, மறுமுனையில் எடுத்த அம்மாவிடம் புது லைன் சோதனை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டு வைத்தேன்.

3. வேலை செய்த போன்

கையெழுத்துக்காகப் போன அன்று முதலில் பொண்டோக்குக்குத்தான் போனேன். கணேசன் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார்.

"வாங்க மிஸ் ரேணுகா. டெஸ்ட் பண்ணுங்க. நான் சாட்சி."

9, பிறகு 999 அமுக்கினேன். மணி போனது. உடனே எடுத்தார்கள். மன்னிப்புக் கேட்டு வைத்தேன்.

"பார்த்தீங்களா?" என்றார் கணேசன். என்னிடம் அல்ல, முனியாண்டி அண்ணனிடம். "போன் நல்லாத்தான் இருக்கு. கையும் ஓடாம காலும் ஓடாம நீதான்யா எதையோ அமுக்கியிருக்கே. இல்லன்னா அமுக்கவே இல்ல."

தன்னைவிட மூத்தவரை அவர் 'நீ' என்றுதான் பேசினார். என்னை 'நீங்க' என்றார். இதைக் குறித்துவைக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

அவர் போனதும் முனியாண்டி அண்ணன் என்னைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்தபடி பேசினார்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரித்தான் மிஸ் அமுக்கினேன். முதல் ஒம்போதுலேயே டீ... டீன்னு கத்துச்சு. சின்னத் திரையில இங்கிலீசுல என்னமோ வந்துச்சு. வச்சிட்டு திரும்ப அமுக்கினேன். திரும்பவும் அதேதான். அந்தப் பொண்ணு உள்ள கத்துற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. சூப்பர்வைசர் சாப்பிடப் போயிட்டான். ஆபீஸ் பூட்டிக் கிடக்கு. ரோட்டுக்கு ஓடிப்போய் ஒரு லோரி முன்னால நின்னுட்டேன். ஓட்டிட்டு வந்த சீனன் நல்லவன். சாமானையெல்லாம் ஓரத்துல இறக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்."

"இன்னிக்குப் போகுதேண்ணே."

"அதான் எனக்கும் பயமா இருக்கு, மிஸ். நேத்து நானே அமுக்கிப் பார்த்தேன். போச்சு. அப்போ அன்னிக்கு நான் என்னதான் அமுக்கினேன்? எனக்கே சந்தேகமா இருக்கு."

அன்று என்னை அதிகம் கோபப்படுத்தியது இந்த வாக்கியம்தான். ஒரு மனிதர் தன் விரல் செய்ததையே நம்ப முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தார்.

"நான் மாட்டிட்டுப் போனப்புறம் இந்த போன் விஷயமா ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "போலீஸ் கார் வந்துச்சு. மூணு வாரம் இருக்கும். பேக்கிங்ல யாரோ ஒரு குரங்கு விளையாட்டுக்கு 999 அடிச்சிட்டு வச்சிட்டானாம். போலீஸ் வந்து கேட்டுல நின்னு கேக்குது. நம்ம கணேசன் சார் மேனேஜர் முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. அன்னிக்கு பேக்கிங் ஆளுங்களை ஒரு மணி நேரம் திட்டினாரு."

அதற்கு மேல் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைமை அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்குப் போன் போட்டேன். ஜெனரல் வகை ஃபைலில் விலக்கு வரியை யாராவது எடுத்தார்களா, பிறகு திரும்பப் போட்டார்களா? அவன் எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, அதைப்பத்தி நான் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ப்ளீஸ் லா," என்றான்.

போலீஸ் வந்த அவமானத்தில் அடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வரி எடுபட்டது. மறுநாள் விடியலில் அத்தனை ஜெனரல் போன்களும் 9-ஐ மறந்தன. பொண்டோக்கில் இருப்பவருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலாவின் கை போன பிறகு ஒரு வரி திரும்பச் சேர்ந்தது. மறுநாள் விடியலில் எல்லா போன்களும் நல்ல பிள்ளைகளாக எழுந்தன. பழைய பெட்டியாக இருந்தால் யாராவது வந்திருப்பார்கள், யாராவது பார்த்திருப்பார்கள். இங்கே வந்தவரும் இல்லை, பார்த்தவரும் இல்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் நடந்ததும் இல்லை.

4. அரிசிப் பானையும் ஒரு பிளக்கும்

விசாரணைக்கு இன்னும் நேரம் இருந்தது. கேண்டீனுக்குப் போய் ஒரு தே ஓ, அதாவது பாலில்லாத டீ, வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்ச்சுவரைப் பார்த்தேன். நான் போன் வைத்துவிட்டுப் போன பலகை காலியாக இருந்தது. அதன் கீழே இருந்த பிளக்கில் ஒரு பெரிய மின்சார அரிசிப் பானை பொங்கிக்கொண்டிருந்தது.

கேண்டீன் நடத்துபவர் காக் யா. மலாய்க்காரர், வாயில் வெற்றிலையும் பேச்சும் ஓயாதவர். "போன் எங்கே, காக்?" என்று மலாயில் கேட்டேன். காக் என்றால் அக்கா.

"மேலே, குளிர்பெட்டி மேல. உன் போனைச் சாப்பிட முடியுமா? சோறு வேணுமே! அந்தப் பக்கத்துப் பிளக் எரிஞ்சு போச்சு. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, ஆள் அனுப்பல. உன் போன் பிளக்கைப் பிடுங்கிட்டேன். வயரையும் கழற்றிட்டேன். காலில் மாட்டுது."

"எப்போ கழற்றினீங்க?"

"அந்தப் பொண்ணு கை போன ஞாயிறுக்கு முன்னாடி. வெள்ளிக்கிழமை. மசூதிக்குப் போற கும்பல் சீக்கிரம் சாப்பிட வரும், பானை வேலை செய்யல, எனக்குப் பைத்தியமே பிடிச்சுது. அதுக்கப்புறம் மாட்டவே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன், அபராதம் போடுவாங்களா?" என்றார்.

"இல்ல, காக். இன்னும் ரெண்டு நாள் அந்தப் பிளக்லேயே சோறு ஆக்குங்க."

குளிர்பெட்டியின் மேல் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் அந்த போன் கிடந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து மின்சாரமும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை. அதாவது, வெள்ளிக்கிழமை காலை சர்வர் அதற்கு என்ன சொல்லிக் கொடுத்ததோ அதுவே இன்னும் அதன் நினைவில் இருந்தது. அந்த ஃபேக்டரியில் திருத்தப்படாமல் மிச்சமிருந்த ஒரே போன் அதுதான். மேலே இருந்த எண்ணெய்ப் பிசுக்கைக்கூடத் துடைக்காமல் எடுத்துக்கொண்டேன்.

5. கை நீட்டியவர்

விசாரணை மேனேஜர் அறையில். மேசைக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரி மேனேஜர், அவர் பக்கத்தில் கணேசன். இந்தப் பக்கம் முனியாண்டி அண்ணன் சீருடையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டு நின்றார். அவருக்கு யாரும் நாற்காலி காட்டவில்லை. நான் ஒன்றை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"மிஸ் ரேணுகா ரிப்போர்ட் குடுத்தா முடிஞ்சது," என்றார் கணேசன். "போன் நல்லா இருக்கு. நெக்லிஜென்ஸ். சிம்பிள்."

"ரிப்போர்ட்டுக்கு முன்னால ஒரு சோதனை," என்று கேண்டீன் போனை மேசை மேல் வைத்தேன். "இதுவும் பொண்டோக் போனும் ஒரே வகை, ஒரே ஃபைல். இது வெள்ளிக்கிழமையிலிருந்து கழற்றிக் கிடக்கு. பொண்டோக் போன் ஞாயித்துக்கிழமை எப்படி இருந்துச்சோ, இது இன்னும் அப்படியே இருக்கு."

அடாப்டரைச் சுவரில் மாட்டினேன். நெட்வொர்க் வயரை மாட்டவில்லை. போன் கண் விழித்தது. லைன் இல்லை என்று மூலையில் ஒரு சின்னப் படம் காட்டியது.

"வயர் மாட்டாம என்ன டெஸ்ட் இது?" என்றார் கணேசன்.

"9-ஐ ஏத்துக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது போனேதான், சார். அந்த விதி இதுக்குள்ள இருக்கு. வயரை மாட்டினா இது சர்வருக்குப் போய்ப் புது ஃபைலை எடுத்துக்கும். பழசு அழிஞ்சிடும்."

கணேசன் எழுந்தார். சுவரில் தொங்கிய நெட்வொர்க் வயரின் முனையை எடுத்தார். "வயர் மாட்டினாத்தான் சரியான டெஸ்ட்," என்று போனின் பின்பக்கம் கையைக் கொண்டுவந்தார்.

நான் சாக்கெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டேன். அவர் விரல்கள் என் கைமேல் பட்டன. அப்படியே இருவரும் நின்றோம். அவர் முகத்தை அருகில் பார்த்தேன். தெரியாமல் செய்கிறவர் முகம் அல்ல அது.

"கணேசன்," என்றார் மேனேஜர். "உட்கார்."

மேனேஜர் தானே போனை இழுத்து, 9-ஐ அமுக்கினார். டீ... டீ... என்று கத்தியது. திரையில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது: நாட் அலவ்ட். வைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். மறுபடி டீ... டீ...

"இதான் சார்!" என்றார் முனியாண்டி அண்ணன். அந்த அறையில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "இதே சத்தம்தான். இதே எழுத்துத்தான். நான் சொன்னேன்ல!" அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்போ வயரை மாட்டலாம்," என்று நானே மாட்டினேன். திரை அணைந்தது, எரிந்தது, ஏதோ இறக்கிக்கொள்வதாகக் காட்டியது. இரண்டு நிமிடம் ஆனது. திரை நிலைக்கு வந்ததும், "இப்போ அமுக்குங்க," என்றேன். மேனேஜர் 9-ஐயும் 999-ஐயும் அமுக்கினார். மணி போனது. பதறி வைத்துவிட்டார்.

எங்கள் கண் முன்னாலேயே சாட்சி மனம் மாறிவிட்டது. அவ்வளவு சுலபம். கணேசனுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

"அந்த விலக்கை யார் எடுக்கச் சொன்னது?" என்று மேனேஜர் கேட்டார்.

கணேசன் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மிஸ்யூஸ், டிசிப்ளின், கம்பெனி இமேஜ். எல்லாம் நல்ல சொற்கள். அந்தச் சொற்களுக்கு நடுவே கலாவின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

6. 'தற்காலிகத் தொழில்நுட்பக் கோளாறு'

முனியாண்டி அண்ணனின் வேலை போகவில்லை. வீடும் போகவில்லை. ஆனால் மறுநாள் லீ என் முன் வேறொரு தாளை வைத்தார். அதில் இருந்தது: தற்காலிகத் தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் போன் இயங்கவில்லை, கோளாறு சரிசெய்யப்பட்டது.

"இது எல்லாருக்கும் நல்லது, ரேணு. ஜாகா தப்பிச்சான். கணேசனுக்கும் முகம் கெடல. கம்பெனி நம்மகூட இருக்கும்."

"கோளாறே இல்லையே, பாஸ். போன் சொன்னபடி செஞ்சது. சொன்னவர் ஒரு ஆள்."

"நீ டெக்னீஷியனா, இல்ல வக்கீலா?"

"டெக்னீஷியன். அதனாலதான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

லீயே போட்டார். நான் வேலையை விட்டுவிடவில்லை, அவரும் என்னை அனுப்பவில்லை. வீரமாகப் பேசிவிட்டு மறுநாள் அதே அலுவலகத்தில் அதே மேசையில் உட்காருவதுதான் பெரும்பாலோர் வாழ்க்கை. ஆனால் கோபம் போகவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இதை எழுதும்போதும் போகவில்லை.

கலாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மூன்று விரல்கள் இல்லை. ஆம்புலன்ஸ் வந்திருந்தால் விரல்கள் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஜாகா அங்கிளுக்கு வேலை இருக்குல்ல, அக்கா?" ஆபீசிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டேன். ஒரு கூடைப் பழம் வந்ததாம். ஆள் வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இருந்த இடத்திலிருந்தே ஆயிரம் போன்களை மாற்றும் வசதி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. எங்கள் காலத்தைவிட நூறு மடங்கு. அது நல்ல வசதிதான், ஏணி சுமந்தவள் சொல்கிறேன். ஆனால் ஒரு போன் எதைச் செய்யாது என்று மாற்றினால், அந்த போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர் விரலாலேயே அமுக்க வையுங்கள். "ஏன்?" என்று அவர் கேட்க இடம் கொடுங்கள். பதில் சொல்ல வெட்கமாக இருந்தால் அந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் மாட்டிய எந்த இடத்திலும் இதைத் தவறவிட்டதில்லை. லீ இதை 'ரேணுவின் கோயில் சுற்று' என்று கிண்டல் செய்வார். செய்யட்டும்.

7. சிவப்பு போன்

வருடக் கடைசியில் 2000-க்கான சோதனை என்று அந்த ஃபேக்டரிக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. பொண்டோக்கில் புதிதாக ஒரு சிவப்பு போன் இருந்தது. சர்வர், ஃபைல் எதுவும் வேண்டாத நேரடி லைன். மேனேஜர் சொல்லிப் போட்டது. பார்த்ததும் மனம் குளிர்ந்தது.

பிறகுதான் சரியாகப் பார்த்தேன். அந்த போன் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. கதவில் ஒரு பித்தளைப் பூட்டு.

"சாவி எங்கேண்ணே?"

"ஆபீஸ்ல," என்றார் முனியாண்டி அண்ணன். "கணேசன் சார் மேசை டிராயர்ல. அவசரம்னா போய் வாங்கிக்கணுமாம். கையெழுத்துப் போட்டு."

"ஞாயித்துக்கிழமை?"

அவர் மேசைக்கு அடியில் காலால் எதையோ தள்ளிக் காட்டினார். முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய்.

"ஞாயித்துக்கிழமை சாவி இது, மிஸ்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஒரு பெண்ணின் மூன்று விரல் போன பிறகும், அவர்கள் கற்றுக்கொண்டது பூட்டை வேறு இடத்தில் மாட்டுவதுதான்.

பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். செய்த தச்சன் அவசரக்காரன். கதவின் கீல்களை வெளிப்பக்கமே வைத்திருந்தான். கீலுக்கு இரண்டு திருகாணி. பெல்ட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். முனியாண்டி அண்ணன் எழுந்து போய், கேட்டில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார்.

நான்கு திருகாணிகளையும் கழற்றி, அவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். கதவு இப்போது மறுபக்கத்திலிருந்து திறந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

"அமுக்கிப் பாருங்கண்ணே. இதுக்கு முன்னால ஒம்போது வேண்டாம். நேரடி லைன். மூணு போதும்."

அமுக்கினார். மணி போனது. எடுத்ததும் இந்தத் தடவை அவரே பேசினார்: "சோரி, ச்செக் போன் சாஜா." போன் சரியா என்று பார்த்தேன், மன்னிக்கணும் என்று அர்த்தம்.

அன்றைய சர்வீஸ் ரிப்போர்ட்டை நானே எழுதினேன். பொண்டோக் போன் சோதிக்கப்பட்டது. வெளியே போகிறது. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.